மாமா எடுத்த காதுப் படங்கள்

என் வயசுக்காரர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் அவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள். தின்னுகிற தோசையைக்கூடப் படம் எடுக்கிறார்கள். எடுத்ததைத் திரும்ப ஒரு தடவை பார்ப்பதில்லை.

போன மாதம் என் மகள் என்னைக் கடற்கரைப் பக்கம் ஒரு மஞ்சள் கட்டடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். புகைப்படக் கண்காட்சியாம். ஒரு பெண் தன் வீட்டு முன்னோர்களைப் போல உடுத்தி, அவர்களைப் போல உட்கார்ந்து, தன்னைத்தானே படம் எடுத்துச் சுவர் சுவராக மாட்டியிருந்தாள்.

"இதுக்குப் பேரு ஃபைன் ஆர்ட் ஃபோட்டோகிராஃபிம்மா. குடும்பத்தோட ஞாபகத்தைத் தேடிப் போறது" என்று மகள் எனக்குப் பாடம் நடத்தினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போடி. எங்க மாமா இத ஐம்பத்தாறுலயே ஊர்ல, சாரத்துல நம்ம மாட்டுக் கொட்டாயில செஞ்சாரு. அவருக்குக் கிறுக்குன்னு பேரு வெச்சாங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். சைகோனில் இருந்தவர். பிரெஞ்சுக்காரன் அங்கேயும் மூட்டை கட்டினான், இங்கேயும் கட்டினான். அந்தச் சமயத்தில் கப்பலில் திரும்பி வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். சைகோனிலிருந்து வருகிறவர் என்றால் பட்டு வரும், பீங்கான் வரும், கடிகாரம் வரும் என்று எங்கள் ஊர் சாரமே வாசலில் நின்றது. மாமா ஒரு தகரப் பெட்டியும் கழுத்தில் ஒரு கேமராவுமாக இறங்கினார். பெட்டிக்குள் ரெண்டு சட்டை, ஒரு கோட்டு, மிச்சமெல்லாம் மருந்துப் புட்டிகள். படம் கழுவுகிற மருந்து.

"முசே வந்துட்டாரு. புட்டிய எறக்கி வையுங்க" என்றாள் அத்தை. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, அவள் வாயில் அது கேலி. அத்தை என்பது என் அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் எங்கள் வீட்டோடு இருந்தாள். வீடே அவள் பேச்சில்தான் நடக்கும். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இருந்தாலும் இருக்கிறது.

அந்தக் கேமராவைச் சொல்ல வேண்டும். கறுப்புப் பெட்டி. முகத்தில் மேலும் கீழுமாக ரெண்டு கண்ணாடிக் கண். மற்ற கேமரா மாதிரி முகத்தருகே தூக்கிப் பிடிக்கக் கூடாது. வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியில் நம் வீட்டு முற்றம் மினுங்கும். இடம் வலம் மாறி மினுங்கும். நான் ஒரு தடவை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கனவு கண்டேன். தோல் உறையும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்குக்கூடப் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் மாமா ஞாபகம்தான். அந்தக் கேமரா பிறகு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

வந்த மறுவாரம் எல்லாரும் குளித்து, பவுடர் பூசி, மாமா முன்னால் வரிசையாக நின்றோம். குடும்பப் படம் எடுப்பார் என்று நினைப்பு. மாமா அத்தையின் பக்கவாட்டில் போய் நின்றார்.

"இன்னா, மொகத்த வுட்டுட்டு அங்க போயி நிக்கிற?"

"காது எடுக்கறேன் அண்ணி."

"காதா? எடுத்து இன்னா பண்ணுவ, கொழம்பு வெப்பியா?"

அன்றிலிருந்து சாரத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பேர் ஆனது. அவர் உண்மையிலேயே காதுதான் எடுத்தார். சொந்தக்கார ஆம்பளைகள் ஒருவர் விடாமல், சாரத்திலும் அதைச் சுற்றியும் வீடு வீடாகப் போய், காது. சில சமயம் உச்சந்தலைச் சுழி. ஆம்பளைகள் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். பொம்பளைகள் தங்களை எடுக்க வராதபோதும் முந்தானையை இழுத்து மூடினார்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. அதன் கதவிடுக்கில் சாக்கை அடைத்துக்கொண்டு, சிவப்புத் தாள் சுற்றிய விளக்கில் படம் கழுவுவார். கொடியில் துணி காயப்போடுவதுபோல ஈரக் காதுகளைக் காயப்போடுவார். மாடு அதைப் பார்த்து மிரளும்.

வெளியிலிருந்து பார்த்தால் கிறுக்கு என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு ஒன்பது வயசு. பெரியவர்களுக்கு என்ன கேடு? ஏன் எடுக்கிறாய் என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கலாம் இல்லையா? அம்மாதான் கேட்டாள். மாவு அரைத்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

மாமா ஆட்டுக்கல் பக்கத்தில் குந்தினார். "அப்பா மொகம் எனக்கு ஞாபகம் இல்ல. காதுதான் ஞாபகம் இருக்கு."

அவருக்கு ஆறு வயசாக இருக்கும்போது அவர்களுடைய அப்பா சைகோனுக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் காவல் வேலை. அம்மா அப்போது வயிற்றில் இருந்தாள். போனவர் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். மாமாவை அவர் எப்போதும் தோளில் தூக்கிக்கொண்டுதான் நடப்பாராம். தோளில் உட்கார்ந்த பிள்ளைக்கு அப்பன் முகம் எங்கே தெரியும்? பிடித்துக்கொள்ள ரெண்டு காது. கண் முன்னால் ஒரு சுழி. அவ்வளவுதான் தெரியும்.

"சைகோன்ல அவர் வேலை செஞ்ச எடத்துக்கெல்லாம் போனேன். ஒருத்தன்கிட்டயும் ஒரு படம் இல்ல. அதான், நம்ம சனத்துல எவன்கிட்டயாவது அந்தக் காது இருக்கும். காது கெடச்சா அதைச் சுத்தி மொகமும் இருக்கும். அதை ஒரு பொர்த்ரே எடுத்துடுவேன்."

பொர்த்ரே என்றால் முகப்படம். அத்தை அதைப் பொத்தல் என்பாள். "பொத்தல் எடுக்கப் போவலியா முசே இன்னைக்கி?"

தாத்தா படமே இல்லாத ஆள் இல்லை. ஒரே ஒரு படம் இருந்தது. கப்பலேறும் முன் எடுத்தது. அவரைப் பெற்றவள் செத்தபோது, அந்தப் படத்தை அவள் மார்மேல் வைத்துச் சேர்த்து எரித்துவிட்டார்கள். செய்தவர் அவருடைய தம்பி, தவளக்குப்பத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்த சின்னத் தாத்தா. பிள்ளையைப் பார்க்காமலே போனவள், படத்தையாவது கொண்டுபோகட்டும் என்று பாசத்தில் செய்தாராம். பாசம்! கட்டின பெண்டாட்டி இருக்கிறாள், அப்பனைப் பார்க்காத பச்சைக் குழந்தை இருக்கிறது, அவர்களுக்கு என்ன மிச்சம் என்று யோசிக்கத் தெரியாத பாசம். அந்தச் சண்டையில் ரெண்டு குடும்பமும் பேச்சை நிறுத்திக்கொண்டன. அம்மாவைப் பெற்றவள் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச வருஷத்தில் அவளும் போனாள். அம்மா கல்யாணத்துக்குக்கூடச் சின்னத் தாத்தா வரவில்லை. அம்மா வளர்ந்த பிறகு அவர் அவளைப் பார்த்ததே கிடையாது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவைப் பெற்றவர்கள் ரெண்டு பேரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை அம்மாதான் துடைத்து, பொட்டு வைத்து, பூ வைப்பாள். அவர்களுக்குப் பக்கத்தில் வெறும் சுவர். ஒரு தடவை அத்தை சொன்னாள்: "எங்கப்பன நீ நல்லாத்தான் தொடைக்கிற. ஒங்கப்பன் எதிர்ல வந்து நின்னா ஒனக்கு அடையாளம் தெரியுமாடி?" விளையாட்டுக்குத்தான் சொன்னாளாம். அம்மா அந்தத் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். நெடுநேரம் வரவில்லை.

அம்மாவுக்கு நகை ஆசை, புடவை ஆசை எதுவும் கிடையாது. அந்த வெறும் சுவரில் ஒரு முகம் வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். அது எனக்கு அந்த வயசிலேயே தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. அவர் ஆலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார்.

அந்த வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு, மகன் ஊர் திரும்பிவிட்டான் என்பதால், எங்கள் வீட்டிலேயே மாமா தன் அப்பாவுக்குப் படையல் போடுவது என்று ஆனது. மாமா தானே தவளக்குப்பத்துக்குப் போய், பழைய சண்டையை விட்டுவிட்டு வரச்சொல்லிச் சின்னத் தாத்தாவைக் கூப்பிட்டார். கிழவர் வருகிறேன் என்றாராம். மாமா அப்படியே அவர் காதையும் பார்த்துவிட்டு வந்தார்.

"அதுவும் இல்ல" என்றார் அம்மாவிடம். சொல்லிவிட்டுக் கையிலிருந்த காதுப் படங்களை எல்லாம் அடுக்கிப் பெட்டிக்குள் போட்டார்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அம்மா தலை முழுகிவிட்டு, முடியை உச்சியில் துண்டால் முடிந்துகொண்டு, குந்தி உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மாமா டீத்தண்ணி கேட்க வந்தவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். பிறகு குனிந்து, அம்மாவின் ரெண்டு காதையும் ரெண்டு கையால் பிடித்துக்கொண்டார்.

"அய்ய, இன்னாண்ணே இது! வுடு, கரி பட்டுடப் போவுது."

அவர் விடவில்லை. நான் ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்தேன். முப்பத்தாறு வயசு ஆம்பளை, அடுப்படியில் தங்கச்சி காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அம்மாவின் காது மடல் கீழே தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். மேல் விளிம்பில் ஒரு மடிப்பு. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவர், சோறு போட்ட கையின் பக்கத்தில் பார்க்கவே இல்லை. ஆம்பளை முகத்தைப் பொம்பளையிடம் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வீட்டிலேயே முதலில் அத்தை காதை எடுத்தார் பாருங்கள், சொந்த ரத்தம்கூட இல்லை அவள். அவள் சும்மா இருக்க மாட்டாளே என்று எடுத்தது.

படம் எடுத்த அன்று அத்தை குருசுக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கொட்டகைப் பக்கம் போனால், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்கு முன்னால் முக்காலியில் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருக்கிறான். கோட்டு, தலையில் தொப்பி, மீசை. காலை அகட்டி, கைகளைத் தொடையில் ஊன்றி. நான் பயந்துபோய் மாட்டின் பின்னால் ஒளிந்தேன்.

"ஏ பாப்பா. இங்க வா" என்றது அந்த ஆள் கட்டைக் குரலில். கூப்பிட்டுவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது அம்மா என்று. மீசை கண் மையால் மாமா வரைந்தது.

"சிரிக்காத, மீச அழியுது" என்று மாமா கத்தினார்.

"எங்கப்பா சிரிக்கவே மாட்டாரா?"

"சைகோன் போற ஆளு. சிரிப்பானா?"

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். அவள் காதில் தோடு இல்லை, மூக்குத்தி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. எல்லாம் ஒரு கிண்ணத்தில் இருந்தன. தாலியை மட்டும் கழற்ற மாட்டேன் என்று கோட்டுக்குள் போட்டிருந்தாள். மாமா கேமராவுக்குள் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். அம்மா எங்களைப் பார்க்கவில்லை. ரொம்பத் தூரத்தில் எதையோ பார்த்தாள். என் அம்மா அங்கே இல்லை. வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். நான் மாட்டின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

படம் பெரிதாக வந்தது. ஓரமெல்லாம் புகைபோல மங்கல். காதும் கண்ணும் மட்டும் தெளிவு. சைகோன் சிநேகிதர் ஒருவர் தேடி அனுப்பிய பழைய படம் என்று மாமா வீட்டில் சொன்னார். அத்தை நம்பினாள். அப்பாவும் நம்பினார். பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றாகக் குடும்பம் நடத்திய பெண்டாட்டி முகத்தை, மீசை வைத்து, தொப்பி வைத்துக் காட்டினால் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அமாவாசை அன்று சின்னத் தாத்தா தவளக்குப்பத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய ஒரு மாலை. வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார். வெறும் சுவராக இருந்த இடத்தில் படம்.

"யண்ணே" என்றார். அவ்வளவுதான் வந்தது. அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "நான் எரிச்சுட்டேனடா. இது எங்கடா இருந்திச்சி?" என்று கேட்டார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலையைப் பிரித்தார்.

இங்கேதான் மாமா செய்த தப்பு அவருக்கே உறைத்தது. படம் எடுப்பது வரைதான் யோசித்திருந்தார். செத்தவர் படத்துக்கு மாலை போடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. படத்தில் இருப்பவளோ உயிரோடு அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும்?

"மாலை வாணாம் சித்தப்பா" என்று மாமா குறுக்கே போய் நின்றார்.

"ஏன்டா? செத்தவனுக்குப் பூ வெக்காம?"

"வாணாம். கீழ வெச்சிடுங்க."

"தள்ளு முசே. பெரியவர் கையத் தடுக்கறியே" என்று அத்தை மாமாவை நகர்த்தினாள்.

கிழவர் மாலையை ரெண்டு கையாலும் தூக்கினார். அப்போது அம்மா செம்பில் தண்ணீரோடு வந்தாள். "வாங்க சித்தப்பா" என்றாள். அவர் தூக்கிய கையோடு திரும்பினார். அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். கை தானாக இறங்கியது.

"இது நீயில்ல?"

அத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். "அடிப் பாவி! இவதான்! ஒரு சுமங்கலி பொட்ட அழிச்சிட்டு, ஆம்பள வேஷம் கட்டிக்கினு... என் தம்பி குடும்பத்தயே அழிக்கப் பாத்தியேடா முசே!"

அப்பா போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். படத்தை ரெண்டு கையாலும் பிடித்தார். கழற்றி உடைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"கழட்டாதீங்க" என்றாள் அம்மா. அப்பாவிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "எங்கப்பா மொகத்த எனக்கு யாரும் வெச்சிட்டுப் போவல. எரிச்சிட்டாங்க. என் மேலயே மிச்சம் இருந்திச்சி, எடுத்துக்கிட்டேன். அதுல யாருக்கு இன்னா நஷ்டம்?"

அப்பா முக்காலி மேலேயே நின்றார். "மாலை வுழுந்திருந்தா?" என்று கேட்டார். "ஒரு நிமிஷம் நீ வர லேட்டாயிருந்தா?" கோபத்தில் கேட்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கோபம் இல்லை அது. பயம். அந்த மனுஷனுக்கு அதைச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பெண்டாட்டி முகம் தெரியாதவர்தான். ஆனால் அவள் இல்லாமல் இருக்கத் தெரியாதவர்.

அப்போது சின்னத் தாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "எங்கண்ணனுக்கு மீசையே கெடையாதுடா."

"இன்னாது?" என்றார் மாமா.

"மொளைக்கவே இல்ல அவனுக்கு. ஊரே கேலி பண்ணும். கண்ணப் பாத்தேன், காதப் பாத்தேன், அவன்தான்னு நெனச்சேன். மீச சைகோன் போயி மொளச்சிருக்கும்னு இருந்துட்டேன்."

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதலில் சிரித்தது அம்மாதான். செம்பிலிருந்து தண்ணீர் சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

"மீச இல்லாம பாத்தா இதான் அவன்" என்று கிழவர் அம்மாவைக் காட்டினார். "இத்தினி வருஷம் இங்கதான் இருந்திருக்கான். தவளக்குப்பத்துலேர்ந்து சாரம் எம்மா தூரம்? சண்டக்காரன்னு வராம கெடந்தேனே."

அப்பா முக்காலியிலிருந்து இறங்கினார், படத்தைக் கழற்றாமல். "படம் இருக்கட்டும்" என்றார் பொதுவாக. "பூ மட்டும் வெக்கக் கூடாது. எவரும்." அத்தை ஏதோ சொல்ல வாய் திறந்தாள். "நீ சும்மா இரு" என்றார். அக்காவை அவர் அப்படிச் சொன்னதும் அன்றைக்குத்தான். அந்தப் படம் அந்தச் சுவரில் பல வருஷம் பூ இல்லாமல், பொட்டு இல்லாமல் இருந்தது.

கொண்டுவந்த மாலை விளக்குக்குப் போனது. படைத்து, காக்கைக்கு வைத்து, இலை போட்டார்கள். பெரியவர் முதலில் உட்கார வேண்டும். அவர் மாட்டேன் என்றார். அம்மாவை உட்காரச் சொன்னார். பொம்பளை முதல் பந்தியில் உட்காருவதா என்று அத்தை முணுமுணுத்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா கூச்சத்தோடு உட்கார்ந்தாள். அவளுக்கு நான்தான் பரிமாறினேன். கிழவர் எதிரே தரையில் சம்மணம் போட்டு அவளையே பார்த்தார்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். சோற்றை உருட்டி, உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாயில் போடுவாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அன்றும் தட்டினாள்.

கிழவர் தன் தொடையில் அடித்துக்கொண்டார். "அவனும் அப்பிடித்தான்! எங்கம்மா கத்துவா. சோத்த அடிக்காதடா, அது இன்னா பண்ணிச்சி ஒன்னன்னு."

அம்மா கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கேட்டாள். "வேற?"

"வேறன்னா... பாகக்கான்னா உசுரு அவனுக்கு. அதுலயும் காஞ்சது. ஒரு தடவ என்னா பண்ணான்னா..." அவர் சொல்லிக்கொண்டே போனார். மாமா சோற்றுத் தட்டோடு நின்று கேட்டார். அவரும் கேட்காத கதைகள். ஒரு கதை முடிகிற மாதிரி இருந்தால் கிழவர் வேட்டியை உதறி எழுந்திருக்கப் பார்ப்பார். உடனே அம்மா இலையை என் பக்கமாக லேசாக நகர்த்துவாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுடி" என்பாள்.

என் அம்மா கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள். அன்றைக்கு மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டாள். இலை காலியாகாத வரைக்கும் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.